மதகுக் கல்லும் என் பழைய சைக்கிளும்



போன வாரம் உத்தமபாளையத்துப் பாறை முன்னால் சைக்கிளோடு நான் நிற்கிற படத்தைப் பேத்தி எடுத்துப் போட்டதிலிருந்து எனக்கு ஒரே திட்டு. "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு?" என்று மதுரையிலிருந்து மைத்துனர் போன் செய்தார். "கல்லைப் பாக்கவா மாமா இந்த வெயில்ல போறீங்க, யூடியூப்லயே வருதே" என்று கோயமுத்தூர் மருமகன் சொன்னார். பழைய மாணவர் ஒருவர், "சார், ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டார். அவருடைய அன்புக்கு நன்றி. ஸ்கூட்டர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016-இல் பணி ஓய்வு பெற்றேன். முப்பத்து நான்கு வருடம் தமிழ் நடத்தினேன். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் முழங்கால் வலி வந்தது. டாக்டர், "நடக்க முடியலேன்னா சைக்கிளாவது மிதிங்க, காலுக்குப் பாரம் குறையும்" என்றார். வீட்டுப் பின்கட்டில் கோழிக் கூண்டுக்குத் துணையாகச் சாய்ந்து கிடந்த என் ஹெர்குலஸைத் தூசி தட்டி எடுத்தேன். முதல் மாதச் சம்பளத்தில் முன்பணம் கட்டி வாங்கிய வண்டி. உங்களில் சிலர் அதில் காற்றைப் பிடுங்கி விட்டிருக்கிறீர்கள். யார் யார் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

இப்போது காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறேன். மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு நாள் குச்சனூர்ப் பக்கம், ஒரு நாள் சின்னமனூர்ப் பக்கம். இரண்டு பக்கமும் வாய்க்கால் தண்ணீர் ஓடும். 1895-இல் முல்லைப் பெரியாற்றில் அணை கட்டிய பிறகு வந்த தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் பறக்கும். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாராவது ஒருவர், "சார், பாத்துப் போங்க" என்று கத்துவார். என்னிடம் படித்தவராக இருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் ஜீப் வளைவைத் தாண்டிவிடும்.

ஆடி மாதத்தில் காற்று எதிரே நின்று தள்ளும். அப்போது இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதுவும் நல்லதுதான். தள்ளிக்கொண்டு போகிறவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும். எந்த வயலில் நாற்று மஞ்சளடித்திருக்கிறது, எந்தத் தென்னையில் வெள்ளை ஈ விழுந்திருக்கிறது, எந்தப் புளியமரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நிற்கிறது என்பதெல்லாம். முப்பத்து நான்கு வருடம் இதே ரோட்டில் பஸ்ஸிலும் பிறகு மொபெட்டிலும் போய் வந்தவன் நான். அந்தப் புளியமரத்தடிக் கல்லைப் பார்த்ததே கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சைக்கிளை எடுத்த புதிதில் செயின் அடிக்கடி கழன்றது. பக்கத்து ஊர் ரோட்டோரம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒருவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். கையில் கிரீஸோடு எழுந்து நின்று, "சார், நல்லாருக்கீங்களா? என்ன சார் செயினு இப்பிடித் தொங்குது?" என்றார். 1993-இல் என்னிடம் பதினோராம் வகுப்பு படித்தவர். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். செயினில் ஒரு கண்ணியைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நான் கிளம்பும்போது சாதாரணமாகத்தான் சொன்னார்:

"சார், அந்தக் கல்லு போச்சு சார். மதகு வேலை நடக்கும்போதே ஒடச்சுப்புட்டாங்க."

எனக்கு ஒரு நிமிடம் எந்தக் கல் என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது.

1993-இல் அந்த வகுப்புக்கு நான் புறப்பொருள் நடத்திக்கொண்டிருந்தேன். போரில் விழுந்த வீரனுக்குக் கல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகள் சொல்கிறது. முதலில் தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது காட்சி. அதை எடுத்து வருவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுவது, பெரும்படை, வாழ்த்து. ஆறையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டு, "இது அஞ்சு மார்க் கேள்வி, கட்டாயம் வரும்" என்று சொன்னேன். வகுப்பு முடிந்ததும் இந்தப் பையன் பின்னாலேயே வந்தான்.

"சார், எங்க வாய்க்கா மதகுல படிக்கல்லாட்டம் ஒரு கல்லு கெடக்கு சார். ஒரு ஆளு வில்லு வச்சுக்கிட்டு நிக்கிறாரு. மேல ஏதோ எழுத்து மாதிரி இருக்கு. நாங்க அதுலதான் மாட்டக் கழுவுவோம். நீங்க சொன்ன கல்லு அதுதானா சார்?"

அவன் வீடு பள்ளியிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரம். நான் சொன்ன பதில் எனக்கு இன்றும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "பரீட்சை முடியட்டும்டா, பாப்போம். நீ மொதல்ல அந்த ஆறையும் மனப்பாடம் பண்ணு."

பரீட்சை முடிந்தது. அவன் ஆறையும் சரியாக எழுதினான். நான் பார்க்கப் போகவில்லை. அடுத்த வருடம் வேறு வகுப்பு, வேறு பையன்கள். அவனும் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. வாத்தியார் ஒரு தடவை தட்டிவிட்டால் பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்பதில்லை. இதை நான் புரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான்.

அந்தக் கல்லை உடைத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மதகுக்குக் கான்கிரீட் போட வந்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு அது கல். அது என்னவாக இருக்கக்கூடும் என்று தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆள் போகவில்லை.

ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் அவர் நினைவிலிருந்து அந்த எழுத்துகளை வரைந்து காட்டினார். இரண்டு வளைவு, ஒரு கொக்கி, சுழி போல ஒன்று. அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்றார். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. வட்டெழுத்தாக இருக்கலாம். பிள்ளைகள் கிறுக்கியதாகவும் இருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் படிப்பின் மீது வேறு மாதிரியான ஆசை வந்தது. நூலகத்தில் கல்வெட்டியல் அறிமுகப் புத்தகங்களை எடுத்தேன். அறுபது வயதில் கோடு போட்ட நோட்டில் வட்டெழுத்து எழுதிப் பழகினேன். பாண்டி நாட்டில் ஏறத்தாழ பதினோராம் நூற்றாண்டு வரை பெருவழக்காக இருந்த எழுத்து அது. சோழர் ஆட்சி இங்கே வேரூன்றிய பிறகு, இன்று நாம் எழுதும் தமிழ் எழுத்தின் முன்னோர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ப, வ, ய மூன்றும் எனக்கு இன்னும் குழம்புகிறது. என் நோட்டைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க கையெழுத்து அசிங்கம்" என்கிறாள் பேத்தி. நான் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்! வட்டியோடு திரும்பி வருகிறது.

படிக்கப் படிக்க இன்னும் வெட்கமாகத்தான் இருந்தது. 2006-இல் நம் மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையோரம் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் மூன்று கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. எழுத்துள்ள நடுகற்களில் இந்தியாவிலேயே மிகப் பழமையானவை என்று சொல்லப்படுபவை. ஒரு கல்லில் கூடலூர் என்ற ஊர்ப்பெயரும், ஆகோள் என்ற சொல்லும், அந்தச் சண்டையில் விழுந்த தீயன் அந்தவன் என்பவன் பெயரும் இருக்கின்றன. ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் சண்டை. அந்தக் கூடலூர் கம்பத்தை அடுத்த நம் கூடலூர்தான் என்று கருதுவோர் உண்டு. ஆநிரை கவர்தலை இருபது வருடம் ஏதோ தூரதேசத்துக் கதை போல நடத்தியவன் நான். நம் மாவட்டத்திலேயே அதற்குச் சாட்சிக் கல் இருந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராக இருந்த கா. ராஜன் வழிகாட்டலில் ஊர் ஊராக அலைந்த ஆய்வு மாணவர்கள். மாணவர்கள்தான். அவர்களை அலைய விட்ட ஒரு ஆசிரியரும் இருந்தார்.

இன்னும் இரண்டு ஆசிரியர்களைச் சொல்கிறேன். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரத்தைப் படித்ததோடு நிற்கவில்லை. கண்ணகி போன வழி எது என்று தேடி ஊர் ஊராக நடந்தார். அந்தத் தேடலின் முடிவில்தான் 1963-இல் கூடலூருக்கு மேலே மலையில் இருக்கும் மங்கலதேவி கோயில்தான் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும் அந்தக் கோயிலுக்குப் பளியன்குடி வழியாக நானும் ஏறியிருக்கிறேன். பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, இவர் பாதை எது என்று தெரியாமலே தேடிக்கொண்டு ஏறினாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாமவர் கீழடிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த வி. பாலசுப்பிரமணியம். 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது பழைய பொருட்கள் வந்ததை மாணவர்கள் வழியாகக் கேள்விப்பட்டார். உடனே இடத்துக்குப் போனார், கிடைத்ததைச் சேர்த்து வைத்தார், தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுத்தார். அகழாய்வு தொடங்க நாற்பது வருடம் ஆனது. இன்று கீழடியை உலகமே அறியும். அவருக்கும் ஒரு மாணவன் வந்து சொன்னான், எனக்கும் ஒரு மாணவன் வந்து சொன்னான். அவர் சைக்கிளையோ செருப்பையோ மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அஞ்சு மார்க்கைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் படிப்பில் இல்லை.

அதனால் எனக்கு இப்போது ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. நம் உறவினர் குழுவில் தினமும் காலையில் இரண்டு செய்தியாவது வருகிறது: தமிழ் ஐம்பதாயிரம் வருடம் பழையது, தமிழன்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தான் என்று. எந்த ஆதாரமும் இருக்காது. கீழே எல்லோரும் கை கூப்புகிறோம். ஆனால் நாம் பஸ் மாறுகிற சின்னமனூரின் பெயரிலேயே செப்பேடுகள் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மன் கொடுத்த பெரிய செப்பேடு அது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் பழைய பாண்டியர்களின் பெருமைகளாகச் சொல்லும் செப்பேடு. சங்கம் என்று ஒன்று இருந்ததா என்ற விவாதம் வரும்போதெல்லாம் அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஆவணம். அதே இராசசிம்மன் பின்னால் பராந்தக சோழனிடம் தோற்று இலங்கைக்கு ஓடினான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு சின்னமனூர் பூலாநந்தீசுவரர் கோயில் வாசலில் நின்று பாருங்கள். ஐம்பதாயிரம் வருடம் தேவைப்படாது. ஆயிரத்து நூறு வருடமே நெஞ்சை அடைக்கும்.

பெருமை பேசுவதற்குச் செலவில்லை. தெரிந்துகொள்வதற்குத்தான் ஒரு அரைநாளும் கொஞ்சம் வியர்வையும் வேண்டும்.

போன வாரம் நான் போனது உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறைக்கு. திருக்குணகிரி என்றும் சொல்வார்கள். வீட்டிலிருந்து என் வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை, பேத்தியும் அவளுக்கு அரசு கொடுத்த சைக்கிளில் வந்தாள். பாதி வழியில் அவள் எனக்காக நின்று நின்று வந்தாள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர் என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவளே எண்ண ஆரம்பித்துவிட்டாள். உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் இங்கே இருக்கிறது என்று படித்திருந்தேன். நோட்டை வைத்துக்கொண்டு தேடி, ஒரு 'ண'வும் ஒரு 'ந'வும் இதுதான் என்று எனக்கு உறுதியானது. அவ்வளவுதான் என் புலமை. ஆனால் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் ஒருவர் எழுதியதில் இரண்டு எழுத்தை நான் வாசித்துவிட்டேன் என்ற சந்தோஷம் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

இதே அச்சணந்தியின் பெயர் மதுரை ஆனைமலையில் இருக்கிறது. பழனிக்குப் பக்கம் ஐவர்மலையில் இருக்கிறது. குமரி மாவட்டம் சிதறாலிலும் இருக்கிறது. "இவர் எப்பிடித் தாத்தா அங்கெல்லாம் போனாரு?" என்று பேத்தி கேட்டாள். "நடந்துதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நமக்கு சைக்கிள் இருக்கு" என்றாள்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பாறையைச் சமணர்கள் விட்டுப் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. பக்கத்தில் நம் கருப்பணசாமி அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார். கொல்லாமை பேசியவர்களுக்குக் கிடாவெட்டு வாங்கும் சாமி துணை! ஆனால் சாமி இருக்கும் இடம் என்ற பயபக்திதான் அந்தப் பாறையை ஜல்லி உடைப்பவர்களிடமிருந்து இத்தனை காலம் காத்திருக்கும் என்பது என் எண்ணம். நம் பக்கத்தில் பட்டவன்சாமி என்று கும்பிடும் கல் பலவும் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. பட்டவன் என்றால் சண்டையில் பட்டவன், விழுந்தவன். சாமி ஆன கல் தப்பித்தது. சாமி ஆகாமல் மதகுப் படியில் கிடந்த கல் போய்விட்டது.

என்னிடம் படித்துவிட்டு இப்போது வேல்ஸ் நாட்டில் செவிலியராக இருக்கும் ஒரு மாணவி, லீவு நாளில் பென்ட்ரே இவான் என்ற இடத்துக்குப் போய்ப் படம் அனுப்பியிருந்தார். கூர்முனைக் கற்கள் மேல் ஏறத்தாழ பதினாறு டன் எடையுள்ள மூடுகல் ஒன்று, ஊதினால் விழுந்துவிடும் போல நிற்கிறது. ஐயாயிரம் வருடத்துக்கு மேல் பழைய ஈமச்சின்னம். "சார், மூணாறு டூர் போனப்ப மறையூர்ல முனியறைன்னு ஒண்ணு காட்டினீங்களே, அதே மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் மறையூரில் நம் பெருங்கற்கால மக்கள் அடுக்கிய கல்வீடுகளைத்தான் சொல்கிறார். காலமும் மக்களும் வேறு வேறுதான். ஆனால் செத்தவருக்குப் பெரிய கல்லில் வீடு கட்ட வேண்டும் என்று அங்கேயும் தோன்றியிருக்கிறது, இங்கேயும் தோன்றியிருக்கிறது.

எனக்குப் பொறாமை தந்தது அந்தக் கல் இல்லை. அவர் கூடவே எழுதிய இன்னொரு வரி: "ஒரு டீச்சர் இருபது பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து கல்லைச் சுத்தி உக்கார வச்சு வரையச் சொல்லிட்டு இருந்தாங்க சார்." பிரிட்டனில் 1882-இல் பழஞ்சின்னங்களைக் காக்கச் சட்டம் வந்தபோது முதல் பட்டியலிலேயே அந்தக் கல் இடம்பெற்றது. சட்டம் நம்மிடமும் இருக்கிறது. கல்லைச் சுற்றி உட்காரும் இருபது பிள்ளைகள்தான் இல்லை.

ஆகவே பள்ளியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. நடுகல்லும் கல்வெட்டும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஏதோ ஒரு பழைய கல், கோயில், பாறை கட்டாயம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு அரைநாள், பிள்ளைகளைச் சைக்கிளில் அங்கே கூட்டிப் போங்கள். போவதற்கு முந்தின வாரம் அந்த இடத்தைப் பற்றி ஒரு புத்தகமோ கட்டுரையோ வாசிக்க வையுங்கள். திரும்பி வந்த பிறகு, "உங்க ஊர்ல இது மாதிரி என்ன இருக்கு?" என்று கேளுங்கள். ஒருவன் கை தூக்குவான். அவன் பின்னாலேயே போங்கள்.

சைக்கிளையும் எழுத்தையும் சேர்த்து ஓட்டியது நமக்குப் புதிதும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். கேலி பேசியவர்களைத் தாண்டி ஓட்டினார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் ஓர் இடத்துக்குப் போக முடிவதும், யாரையும் எதிர்பார்க்காமல் ஒன்றை வாசிக்க முடிவதும் ஒரே விடுதலைதான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

மறுப்புகள் வரும் என்று தெரியும். ரோட்டில் லாரியும் ஜீப்பும் பறக்கின்றன, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நெடுஞ்சாலை வேண்டாம், வாய்க்கால் கரையும் ஊர்ச் சாலையும் போதும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பலாம். பெற்றோர் நான்கு பேர் பைக்கில் முன்னும் பின்னும் வரட்டும். இவ்வளவும் முடியாவிட்டால் நடந்து போகும் தூரத்தில் ஒன்றைத் தேடுங்கள்.

பெற்றோருக்கு வேறொரு பயம் உண்டு. "எழுத்து இருக்குன்னு சொன்னா கவர்மெண்ட்டு நெலத்த எடுத்துக்கும்." வயல்காரர்கள் பலர் கல்லை மறைப்பது இதனால்தான். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்ட முடியாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஆனால் அறிவிக்கப்படுவது மிகச் சில இடங்கள். ஒரு கல்லைப் படமெடுத்துப் பதிவு செய்வதும் நிலத்தை அறிவிப்பதும் ஒன்று கிடையாது. மண்ணுக்குள் இருந்து பழம்பொருள் கிடைத்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

கல்லைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ சுண்ணாம்போ தடவாதீர்கள். ஆணியால் கீறிச் சுத்தம் செய்யாதீர்கள். பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது படமெடுங்கள். இருட்டான இடமானால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள், அளவு தெரியும். கும்பிடுகிற கல்லானால் பூசாரியிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். படத்தைத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். சரியான இடத்தை ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள். புதையல் இருக்கிறது என்று ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. போன மாதம் அந்த ஒர்க்‌ஷாப்காரரிடம் போய், "அன்னைக்கு நான் வந்திருக்கணும்ப்பா. தப்பு என் மேலதான்" என்று சொன்னேன். முப்பது வருடம் கழித்துச் சொன்னேன். அவர் பானாவைக் கீழே வைத்துவிட்டு, "விடுங்க சார், நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அதுதான் இன்னும் வலித்தது. மாணவன் இன்னொரு தடவை கேட்க வேண்டிய நிலையில் வைத்திருக்கக் கூடாது.

பிறகு அவரே, "சார், எங்க மாமனார் ஊர்க் கம்மாக்கரையில ஒரு கல்லு சாஞ்சு நிக்குது. எழுத்து இருக்கான்னு தெரியல. ஒரு ஆளு ரெண்டு மாட்டோட இருக்காப்புல" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அவர் பைக் இருந்தும் சைக்கிளிலேயே வருகிறேன் என்றிருக்கிறார். பேத்தியும் வருகிறாள். வெறும் கல்லாகவும் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கல்லைச் சின்ன வயதில் பார்த்த நினைவு இருந்தால் எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவை "பரீட்சை முடியட்டும்" என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாத்தியார்,
மார்க்கையன்கோட்டை.